நீளும் வேலை நேரமும் கெடும் உடம்பும்: பெங்களூர் ஆபீஸ் வேலைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் மான்யதாவிலும் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். ஐ.டி. ஆட்கள் மட்டுமில்லை, கால் சென்டர், வங்கி, கணக்குப் பிரிவு, அலுவலக நிர்வாகம் எல்லாரும் இதில் உண்டு. பொதுவான தகவல்தான் இது. உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரத்துக்கு மேல் போனால் உடம்புக்குக் கெடுதல்?

தெளிவான எண் ஒன்று இருக்கிறது: 55. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021 மே மாதம் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் கூடுதல். 2016இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 7,45,000 பேரின் சாவுக்கு நீண்ட வேலை நேரம் காரணம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

35 சதவீதம் என்றதும், நூறு பேரில் 35 பேர் பக்கவாதத்தில் விழுந்துவிடுவார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டாம். ஒரு பேச்சுக்கு, சாதாரணமாக ஆயிரம் பேரில் 20 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், நீண்ட நேரம் உழைக்கும் ஆயிரம் பேரில் 27 பேருக்கு வரும். தனி ஒருவருக்குச் சின்ன வித்தியாசம். ஒரு நகரமே இப்படி உழைக்கும்போது அது பெரிய எண்ணிக்கை.

இதே ஆய்வில் பலர் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. இப்படி இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் 60 முதல் 79 வயதுக்குள் இறந்தவர்கள். 45 முதல் 74 வயதுக்குள் அந்த நீண்ட வேலையைச் செய்தவர்கள். பாதிப்பு வருடக்கணக்கில் தள்ளிப்போய் வருகிறது. இப்போது ஒன்றும் ஆகவில்லையே என்பது நல்ல அறிகுறிதான், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

40க்கும் 55க்கும் நடுவில் இருந்தால் பயமில்லை என்றும் அர்த்தமில்லை. சான்று பலமாக இருப்பது 55லிருந்து, அவ்வளவுதான்.

எனக்கு ஒன்பதரை டு ஏழு ஆபீஸ், வாரத்தில் ஐந்து நாள். அது 55க்கு எங்கே போகும்?

எழுதிப் பாருங்கள், போய்விடும். ஒன்பதரை முதல் ஏழு வரை ஒன்பதரை மணி நேரம். சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் எட்டரை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டபின் அமெரிக்காக்காரர்களோடு ஒன்றரை மணி நேரம் கால். ஆக ஒரு நாளைக்கு பத்து, ஐந்து நாளுக்கு ஐம்பது. சனிக்கிழமை ரிலீஸ் இருக்கிறது, கொஞ்சம் உட்கார் என்று ஐந்து மணி நேரம். 55 வந்துவிட்டது. இதில் காலையில் பல் தேய்க்கும்போது பார்த்த மெசேஜ்களைச் சேர்க்கவில்லை.

இதற்கு மேல் பெங்களூர் சாலை இருக்கிறது. டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு போக்குவரத்துக் கணக்கில் இந்த நகரத்தில் 10 கிலோமீட்டர் போகச் சராசரியாக 34 நிமிடம் 10 வினாடி ஆகிறது. உலகத்திலேயே மூன்றாவது மெதுவான நகரம். மடிவாளாவில் குடியிருந்து அவுட்டர் ரிங் ரோடு வழியாக ஒயிட்ஃபீல்டு போகிறவர் சில்க் போர்டு, பெல்லந்தூர், மாரத்தஹள்ளி என்று போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி செலவழித்தால் வாரத்துக்கு இன்னும் 15 மணி நேரம். 55 மணி நேர ஆய்வு பயணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அந்த 15 மணி நேரம் எங்கிருந்து வருகிறது? தூக்கத்திலிருந்தும் நடையிலிருந்தும் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்திலிருந்தும்தான். வீடு மாற்றும்போது வாடகையோடு பயண நேரத்தையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரைக்கும் மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் வந்தபிறகு எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள் சிலருக்கு இந்தக் கணக்கே மாறியிருக்கிறது.

நேரம் அதிகமில்லை. ஆனால் டென்ஷன் தாங்க முடியவில்லை. இதுவும் உடம்பைக் கெடுக்குமா?

கெடுக்கும். என் கருத்தில் இதுதான் எல்லாக் கேள்விகளிலும் முக்கியமான கேள்வி.

வேலைப் பளுவும் மன அழுத்தமும் ஒன்றேதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் காரசெக் 1979இல் இதைப் பிரித்துக் காட்டினார். வேலை எவ்வளவு கேட்கிறது என்பது ஒன்று. அந்த வேலையை எப்படி, எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பதில் உங்களுக்கு எவ்வளவு கை, அதாவது முடிவெடுக்கும் அதிகாரம், இருக்கிறது என்பது இன்னொன்று. பளு அதிகமாகவும் கை குறைவாகவும் இருக்கும் வேலைதான் ஆளைத் தின்கிறது. பளு அதிகம், ஆனால் முடிவு உங்கள் கையில் என்றால் களைப்பு வரும், அந்த அளவுக்கு நோய் வராது.

லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு இதற்குப் பலம் சேர்த்தது. பெரிய பதவிக்காரர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வரும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. இப்போதும் நம்மிடம் இருக்கிறது. முடிவு நேர்மாறாக வந்தது. ஏணியின் அடிப்படியில் இருந்த ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உச்சியில் இருந்தவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபிறகும் அந்த இடைவெளி முழுதாக மறையவில்லை. மைக்கேல் மார்மோட் தலைமையில் 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, வேலையில் தன் கை குறைவாக இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று காட்டியது.

இதைக் கால் சென்டரில் வைத்துப் பாருங்கள். ஒரு அழைப்பை எத்தனை நொடியில் முடிக்க வேண்டும், எப்போது சாப்பிடலாம், பாத்ரூம் போனால் திரையில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று எல்லாமே வேறு யாரோ தீர்மானித்தது. திட்டுகிற வாடிக்கையாளரிடமும் சிரித்த குரலில் பேச வேண்டும். மணிக்கணக்கில் பார்த்தால் ஒன்பது மணி நேரம்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள்.

1996இல் ஆய்வாளர் யோஹானஸ் சீக்ரிஸ்ட் இன்னொரு பக்கத்தைச் சேர்த்தார். போடும் உழைப்புக்கும் கிடைக்கும் பலனுக்கும் பொருத்தமில்லாமல் போவதே ஒரு நோய்க் காரணம் என்றார். பலன் என்றால் சம்பளம் மட்டுமில்லை, மரியாதையும் வேலை நிலைக்கும் என்ற உறுதியும் அதில் சேரும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இங்கே வந்து, தங்கையின் கல்யாணக் கடனும் ஊரில் கட்டிய வீட்டுக் கடனும் தலையில் இருக்க, அப்ரைசலில் பெயர் வருமா, அடுத்த ஆட்குறைப்பில் பெயர் வருமா என்று காத்திருப்பவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. வேலை கிடைத்ததே பெரிசு என்று ஊரில் சொல்வார்கள் என்பதால் அவர் யாரிடமும் வாய் திறப்பதும் இல்லை.

மன அழுத்தம் உடம்புக்குள் என்னதான் செய்கிறது?

ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும். அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். ஆபத்து போனதும் எல்லாம் இறங்க வேண்டும். இரவு பத்தரைக்கும் மெயில் வரும் வேலையில் அது முழுதாக இறங்குவதே இல்லை. மாதக்கணக்கில் இப்படியே இருந்தால் ரத்தக்குழாய், சர்க்கரை, தூக்கம், எதிர்ப்புச் சக்தி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்.

இன்னொரு வழி நம் கை வழியாகவே நடக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஐயங்கார் பேக்கரியில் ஒரு பஃப்ஸ், சர்க்கரை தூக்கலாக ஒரு காபி, கூடவே ஒரு சிகரெட். இரவு பதினொன்றுக்கு ஆர்டர் போட்ட பிரியாணி. நடை கிடையாது. களைத்த மூளை எளிதானதையும் இனிப்பானதையும்தான் தேடும். மனக்கட்டுப்பாடு இல்லாதவர் என்று இவரைத் திட்டுவதில் பயனில்லை. சாயங்காலம் ஆறரைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பினால் பாதிப் பழக்கம் தானாகக் குறையும்.

எனக்கு 34 வயதுதான். மாரடைப்பைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டுமா?

யோசிக்க வேண்டும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. அதே ஆய்வில், வேலையிடத்தில் ஓயாத அழுத்தம் இருக்கிறது என்று சொன்னவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு, அழுத்தமே இல்லை என்றவர்களைவிட இரு மடங்குக்கும் சற்று அதிகம். ஜெயநகரில் இருக்கும் ஜெயதேவா இதய மருத்துவமனை, இளம் வயதில் இதய நோயோடு வருகிறவர்களுக்காகத் தனிப் பதிவேடே வைத்திருக்கிறது.

சர்க்கரைக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. ஹைதராபாத்தில் 345 ஐ.டி. ஊழியர்களை வைத்து நடந்து 2025இல் வெளியான ஆய்வில் 84 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. சின்ன ஆய்வுதான், ஒரே நகரம்தான், எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. இருந்தாலும் என்னைக் கவலைப்படுத்திய எண் அது.

30 வயதைத் தாண்டிவிட்டால் வருடத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு பாருங்கள். பெரிய கம்பெனிகளில் இலவசமாகவே பார்க்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டைத் திறக்காமலே மெயிலில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் ஒன்று. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் வாய்வு என்று சோடா குடித்துவிட்டு மீட்டிங்கை முடிக்க உட்காராதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் குமட்டலும் பெரும் களைப்புமாகக்கூட வரும். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சுக் குழறுவது பக்கவாதத்தின் அடையாளம். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108ஐ உடனே கூப்பிடுங்கள்.

நைட் ஷிப்ட் உண்மையிலேயே அவ்வளவு கெடுதலா? பாதி பெங்களூர் அதில்தானே ஓடுகிறது?

கெடுதல்தான். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. ஷிப்ட் மாறியதால் அது மாறிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இரவுப் பணியை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பட்டியலில் 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடி பார்த்தும் அங்கேயே வைத்தது. சர்க்கரை, வயிற்றுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் இரவுப் பணியாளர்களிடம் கூடுதல்.

விட முடியாதவர்கள் செய்யக்கூடியது சில உண்டு. ஷிப்ட் மாறினால் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாறட்டும். பின்னோக்கி மாறுவது உடம்புக்குக் கடினம். வீட்டுக்கு வரும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள், அறையை நன்றாக இருட்டாக்குங்கள். நள்ளிரவில் முழுச் சாப்பாடு வேண்டாம். பகலில் தூங்குகிறவர் இருக்கும் வீட்டில் காலை பத்து மணிக்கு மிக்சி ஓடக்கூடாது, கொரியர்காரர் பெல் அடிக்கக்கூடாது; இதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டியது அந்த வீட்டில் இருக்கும் மற்றவர்கள்.

ஷிப்ட் முடிந்து பைக்கில் போகவே போகாதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வண்டி ஓட்ட நம் சட்டம் அனுமதிக்கும் அளவு 30. கம்பெனி கேப் இருந்தால் வீட்டுக்குப் போய்ச்சேர அரை மணி கூடினாலும் அதிலேயே போங்கள்.

வாரம் முழுக்க ஐந்து மணி நேரம் தூங்கி, சனி ஞாயிறு சேர்த்துத் தூங்கினால் சரியாகிவிடாதா?

கொஞ்சம் ஈடாகும், முழுக்க ஆகாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் தேவை. ஞாயிறு பதினொன்று வரைக்கும் தூங்கினால் அன்று இரவு தூக்கம் வராது, திங்கள் மறுபடியும் குறைவில்தான் தொடங்கும்.

நம் ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. வெள்ளி இரவு மடிவாளாவிலோ சாந்திநகரிலோ பஸ் ஏறி மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போய், ஞாயிறு இரவு திரும்ப ஏறி, திங்கள் காலை ஓசூர் தாண்டி நெரிசலில் நின்று, ரூமில் குளித்துவிட்டு நேராக ஆபீஸ். இரண்டு இரவுத் தூக்கம் போயிற்று. ஊருக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்; அம்மா அப்பாவைப் பார்ப்பதும் மனதுக்கு மருந்துதான். ஆனால் மாதத்தில் இரண்டு முறை இப்படி அரைகுறையாகப் போவதைவிட, ஒரு முறை திங்களைச் சேர்த்து விடுப்பு எடுத்தோ, அன்று ஊரிலிருந்தே வேலை பார்க்கக் கேட்டோ போய்விட்டு வருவது உடம்புக்கு எவ்வளவோ நல்லது.

கழுத்து வலி, முதுகு வலி, கண் எரிச்சலுக்கு என்ன செய்வது?

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். லேப்டாப்பில் மட்டும் வேலை என்றால் தனி கீபோர்டு வாங்கிக்கொண்டு லேப்டாப்பை உயரத்தில் வையுங்கள். கழுத்துக்கு இதைவிடச் சிக்கனமான வைத்தியம் இல்லை. பாதம் தரையில் பட வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 நொடி பாருங்கள். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைவதால்தான் எரிகிறது. கை கால் மரத்துப்போவது, பிடி தளர்வது இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

காலையில் ஜிம்முக்குப் போகிறேன். பகல் முழுக்க உட்கார்ந்திருப்பது பரவாயில்லைதானே?

எவ்வளவு நேரம் பயிற்சி என்பதைப் பொறுத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைச் சேர்த்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்கிறவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து நீங்க நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவைப்படுவதாகக் கண்டது. வேகமாக நடப்பதும் அதில் சேரும். அவ்வளவு முடியாது என்றால் செய்ய முடிந்ததைச் செய்யுங்கள், சும்மா இருப்பதைவிட எதுவும் மேல்தான். திரை தேவைப்படாத போன் கால்களை நடந்துகொண்டே பேசுங்கள்.

இது வெறும் களைப்பா, பர்ன்-அவுட்டா, மனச்சோர்வு நோயா? எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால் போய்விடுவது களைப்பு. பர்ன்-அவுட்டை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலையோடு சேர்ந்த நிலை என்று வரையறுத்தது. அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சக்தி முழுக்க வற்றிப்போவது, வேலை மேலேயே வெறுப்பும் ஒட்டாத தன்மையும், நாம் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்தது அது. விடுமுறையில் ஊரில் நாலு நாள் இருந்தால் அவர் பழைய ஆளாகிவிடுவார், ஞாயிறு சாயங்காலம் மறுபடி வயிற்றைப் பிசையும்.

மனச்சோர்வு நோய் விடுமுறையிலும் கூடவே வரும். பிடித்த சாப்பாடு, பிடித்த பாட்டு, பிள்ளையின் சிரிப்பு எதுவும் உள்ளே போகாது. இது இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் இருந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஓசூர் ரோட்டில் இருக்கும் நிமான்ஸ், நாட்டின் முதன்மையான மனநல நிறுவனம். அங்கே போனால் பைத்தியம் என்று பேர் வந்துவிடும் என்று பயப்படும் காலம் போக வேண்டும். போனிலேயே பேச டெலி-மானஸ் இருக்கிறது, எண் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமாவது சொல்லுங்கள், அன்று இரவு தனியாக இருக்காதீர்கள்.

எங்கள் கம்பெனியில் யோகா வகுப்பும் தியான ஆப்பும் கொடுத்திருக்கிறார்கள். அது போதாதா?

போதாது. யோகா நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் பிரச்சினை வேலையின் அமைப்பில் இருக்கும்போது ஊழியரின் மூச்சை மட்டும் சரிசெய்வது நியாயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலே வேலைப்பளுவையும் நேரத்தையும் மாற்றுவது, ஊழியர்களை முடிவெடுப்பில் சேர்ப்பது, மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஆகியவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறது. சிமென்ட் ஆலையில் தூசி இருந்தால் தூசியைக் குறைக்கத்தானே சொல்வோம்? நீண்ட வேலை நேரமும் அந்தத் தூசி மாதிரி வேலையிடத்து ஆபத்துதான். அதைத் தாங்க முடியாதவர் பலவீனர் என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன்.

70 மணி நேரம் உழைத்தால்தான் நாடு முன்னேறும் என்கிறார்களே?

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது வெளியானது. சொந்தமாகத் தொழில் தொடங்கி வளர்த்தவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் எப்போது வேலை, எப்போது ஓய்வு என்று தானே முடிவு செய்யும் நிறுவனரின் 70 மணி நேரமும், ரோஸ்டரில் பெயர் போடப்படும் ஊழியரின் 70 மணி நேரமும் உடம்புக்கு ஒன்றில்லை. காரசெக் சொன்னது இதைத்தான்.

உற்பத்தி கூடும் என்ற வாதமும் நிற்காது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் குண்டு தயாரித்த ஆலைகளின் பதிவேடுகளை ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்கவேல் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை செய்தவர்களின் உற்பத்திக்கும் 56 மணி நேரம் வேலை செய்தவர்களின் உற்பத்திக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. போர் நேரம், தேசப்பற்றுக்கும் குறைவில்லை, அப்போதும் அந்தக் கூடுதல் 14 மணி நேரம் வீண்தான். நம் மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே, வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலையில் செலவிடுவது உடல்நலத்தைப் பாதிக்கும் என்று ஆய்வுகளைக் காட்டி எழுதியது.

கர்நாடகத்தில் சட்டம் என்ன சொல்கிறது? ஐ.டி.க்கு விலக்கு என்கிறார்களே?

அந்த விலக்கு, பணி விதிகளை எழுத்தில் வைக்கச் சொல்லும் 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்திலிருந்து மாநில அரசு கொடுத்தது. வேலை நேரத்துக்கு அதனால் விலக்கு கிடைத்துவிடவில்லை. அலுவலகங்களின் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தும் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961ஆம் ஆண்டைச் சேர்ந்தது: நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஓவர்டைம் 50 மணிக்குள், அதற்கு இரட்டிப்புச் சம்பளம். தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேர இடைவேளை. 2024இல் இந்த வரம்புகளைத் தளர்த்தி ஐ.டி. ஊழியர்களிடம் நாளுக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றும், 2025இல் ஓவர்டைமோடு 12 மணி நேரம் என்றும் யோசனைகள் வந்தன, ஐ.டி. ஊழியர் சங்கமான கிட்டு இரண்டையும் கடுமையாக எதிர்த்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் வாரம் 48 மணி, ஓவர்டைமுக்கு இரட்டிப்பு என்ற அடிப்படையை வைத்திருக்கின்றன.

வேலை நேரம் முடிந்தபின் போனை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் உண்டு, ஆஸ்திரேலியாவில் 2024 முதல். இங்கே தனிநபர் மசோதாக்கள் வந்ததோடு சரி.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. நோயால் விடுப்பு எடுத்தால் தகுதியுள்ளவர்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் இதைச் சொல்லுங்கள், நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

மேனேஜரிடம் இதை எப்படிப் பேசுவது? சொன்னால் அப்ரைசலில் கை வைத்துவிடுவார்களே.

அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் 'என்னால முடியல சார்' என்று போய் நிற்காதீர்கள். நாலு வாரத்துக்கு ஒரு கணக்கு எழுதுங்கள்: எப்போது தொடங்கினேன், எப்போது முடித்தேன், இரவில் எத்தனை கால், சனிக்கிழமை எத்தனை மணி. அந்தத் தாளோடு போய், இந்த வேலைகளில் எதை முதலில் முடிக்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். இரவில் வரும் போன் கால்களை டீமில் முறை வைத்துப் பிரிக்கக் கேளுங்கள். இரவில் கூப்பிட்டால் எடுக்கும் ஆன்-கால் முறை பார்த்த மறுநாள் காலை தாமதமாக வருவதையும் கேளுங்கள். பேசியதைச் சுருக்கமாக மெயிலில் போட்டு வையுங்கள். டீமில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. ஒருவர் கேட்டால் குறை, நாலு பேர் கேட்டால் அது திட்டமிடலில் இருக்கும் கோளாறு என்று அவருக்கே புரியும்.

நீங்களே டீம் லீட் என்றால், இரவு பதினொன்றுக்குத் தோன்றியதைக் காலை ஒன்பதரைக்குப் போகும்படி மெயிலை நேரம் குறித்து வையுங்கள். 'அவசரமில்லை' என்று எழுதி அனுப்பினாலும் கீழே இருப்பவர் அதைப் பார்த்துவிட்டுத் தூங்க மாட்டார்.

வேலையையே விட்டுவிடலாமா?

விடலாம், ஆனால் தூக்கம் கெட்டிருக்கும் வாரத்தில் முடிவெடுக்காதீர்கள். மருத்துவச் சான்றோடு இரண்டு வாரம் விடுப்பு எடுத்து, அதற்குப் பிறகும் அதே எண்ணம் இருந்தால் நோட்டீஸ் கொடுங்கள். பணத்தோடு காப்பீட்டையும் பாருங்கள். கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு வழக்கமாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும், அதில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் சேர்த்துத்தான். விலகுவதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற வழி கேளுங்கள். மனநலச் சிகிச்சைக்கும் உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது.

நான் ஊரில் இருக்கிறேன். பெங்களூரில் இருக்கும் மகன் எல்லாம் நல்லா இருக்கு என்றே சொல்கிறான். எப்படித் தெரிந்துகொள்வது?

அவர் சொல்வதைவிட, போன் வரும் நேரத்தையும் குரலையும் கவனியுங்கள். முன்பு எட்டு மணிக்குப் பேசியவர் பதினொன்றரைக்குப் பேசுகிறாரா, சின்னக் கேள்விக்கும் எரிந்து விழுகிறாரா, ஊருக்கு வந்தால் இரண்டு நாளும் தூங்கிக்கொண்டே இருக்கிறாரா, நண்பர்கள் பெயர் பேச்சில் வருவதே நின்றுவிட்டதா, குடி கூடியிருக்கிறதா. பலமாகக் குறட்டை விட்டு, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தால் அதற்கும் மருத்துவர் பார்க்க வேண்டும், அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். சம்பளம், கல்யாணம், வீடு என்று கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, எத்தனை மணிக்கு ஆபீஸிலிருந்து கிளம்பினாய், என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் தினமும் கேளுங்கள். ஒரு மாதத்தில் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். கவலையாக இருந்தால் ஒரு வாரம் வந்து அவரோடு தங்குங்கள். 14416க்குக் குடும்பத்தாரும் போன் செய்து, இப்படி இருக்கிறான், நான் என்ன செய்யட்டும் என்று தமிழிலேயே கேட்கலாம்.